வெர்னாவின் பிரேக்குக்கு அமைந்த மூவர் குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உருளுவது எந்தக் கூழாங்கல்லுக்கும் வரும். உருளுகிறதை நிறுத்தக் கற்றதுதான் நாகரிகம். அதை எந்தப் பிரேக்கால் நிறுத்துவது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லி, ஒன்றையும் முடிவு செய்யாமல் எழுந்து போவது நாகரிகத்தின் உச்சம். மனித குலம் அந்த உச்சத்தை எட்டிய இடம், அரிசோனா பாலைவனத்தில் யூமாவுக்கு வடக்கே இருக்கும் ‘கருவேல நிழல்’ என்ற வண்டிப்பேட்டை. அங்கே கருவேலம் உண்டு. நிழல் மட்டும் பெயர்ப் பலகையின் அடியில் கொஞ்சம் விழும்.

பனிக்காலம் தொடங்கியதும் அயோவா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா பக்கத்து ஓய்வு பெற்றவர்கள் பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு அங்கே வந்து சேருவார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். மொத்தக் குடித்தனமும் இரண்டு சக்கரத்தின் மேல். மாலை நான்கு மணி ஆனால் எல்லாரும் மடக்கு நாற்காலியும் அவரவர் கோப்பையுமாக வந்து வட்டமாக உட்காருவார்கள். வட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வியாதி, அரசியல், மதம் மூன்றையும் பேசக்கூடாது. மிச்சம் இருப்பவை இரண்டு, வானிலையும் வண்டியும். அவற்றை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டுவார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் அந்த வட்டத்தில் வெர்னாவின் கணவர் ஆர்லன் சொன்னார்: “நாளைக்காவது சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கணும். இந்த வருஷம் தள்ளிக்கிட்டே போகுது.”

சிவப்பு கிரீஸா, நீல கிரீஸா என்று அன்றைய வட்டம் இருட்டும்வரை பேசியது. ஆர்லன் வீட்டுக்கு வந்தபோது வெர்னா அவித்த முட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“வெங்காயம் போட்டியா?”

“போட்டேன்.”

“நேத்திக்குப் போடலையே?”

“நேத்து நீதான் வேண்டாம்னே.”

“அது நேத்து” என்றார் ஆர்லன். நாற்காலியில் சாய்ந்து ஒரு காலுறையைக் கழற்றினார். வெர்னா தட்டோடு திரும்பி வந்தபோது இன்னொரு காலுறை காலிலேயே இருந்தது. அதைக் கழற்ற அவர் இல்லை.

வட்டம் தன் கடமையைச் செய்தது. அயோவாவில் அடக்கத்தை முடித்துவிட்டு வெர்னா திரும்பி வருவதற்குள் எல்லாரும் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டிருந்தார்கள். இடைவெளி எதுவும் தெரியவில்லை. அவள் உட்கார்ந்ததும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். மறுநாளும் காற்றைப் பற்றியே. வியாதி, அரசியல், மதத்தோடு ஆர்லனையும் நாலாவதாகச் சேர்ப்பது என்று யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. கூட்டம் போடாமல் கருவேல நிழலில் நிறைவேறிய ஒரே காரியம் அதுதான்.

மார்ச் மாதம் டென்வரிலிருந்து மகன் கிரெய்க் போனில் பேசினான்.

“அம்மா, அந்த டிரெய்லரை நீ தனியா எப்படி இழுத்துக்கிட்டுப் போவே?”

“பிக்கப்தான் இழுக்கும்.”

“கிண்டல் பண்ணாதம்மா. அப்பா இருந்தாரு, சரி. இப்ப மலைப் பாதையில அது உன்னைத் தள்ளினா என்ன பண்ணுவே?”

“அப்பா இருந்தப்பவும் மலைப் பாதை முழுக்க நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்துல தூங்கினார்.”

“வாங்கிக்க ஒருத்தர் தயாரா இருக்கார். நீ எங்க வீட்டுக்கு வந்துடு. கீழ்த்தளத்துல அறை காலியா இருக்கு.”

அந்த அறையை வெர்னா பார்த்திருக்கிறாள். நல்ல அறை. அதன் ஜன்னல் புல் மட்டத்தில் இருந்தது; பக்கத்து வீட்டு நாயின் கால்கள் தெரியும். அயோவா வீட்டை விற்றுத்தான் அவளும் ஆர்லனும் டிரெய்லரை வாங்கினார்கள். இதுவும் போனால் அவளுக்கு மிஞ்சுவது நாயின் கால்கள்.

“சனிக்கிழமை வா” என்றாள். “உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டிக் காட்டறேன். இறக்கத்துல நிறுத்தியும் காட்டறேன். சரியா நின்னா விக்கறது இல்ல. நிக்கலேன்னா உன் இஷ்டம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சத்தியம் செய்த சூட்டோடு அவள் டிரெய்லரைக் கோத்து, பேட்டைக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிக்கப்பில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குமிழ் உண்டு. அதைத் தள்ளினால் பிக்கப் பிடிக்காமல் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். அலுவலகத்துக்கு முன்னால் குமிழைத் தள்ளினாள். டிரெய்லருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பிக்கப்பை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு பூப்பாத்திக்குள் போனது. பாத்தியில் ஊளையிட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டர் நரி ஊளையை நிறுத்தியது. ஊளையிடத் தலை இல்லை.

அன்று மாலையே குழு அமைந்தது.

குழுவின் தலைவர் லாயிட். ஒமாஹாவில் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை மதிப்பிட்டவர். நடந்துபோன விபத்தை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று சொல்வதில் அவருக்கு நிகர் கிடையாது. இரண்டாமவர் மெர்ல், விஸ்கான்சினில் பால்பண்ணை வைத்திருந்தவர். உலகத்தில் எதையும் பசுவை வைத்து விளக்கிவிடுவார். மூன்றாமவர் கிளிஃப்டன், கடற்படையில் சமையல்காரர். கப்பலே அவர் சொல்லித்தான் திரும்பியது என்பது அவர் பேச்சில் தெரியும்.

“டிஸ்க் பிரேக்கா, டிரம் பிரேக்கா? முதல்ல அதை முடிவு பண்ணணும்” என்றார் லாயிட்.

“டிஸ்க்தான்” என்றார் கிளிஃப்டன். “கப்பல்ல நாங்க...”

“கப்பலுக்கு ஏதுய்யா பிரேக்?” என்றார் மெர்ல்.

“அதனாலதான் சொல்றேன். பிரேக் இல்லாம எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.”

“நீ அங்க முட்டை பொரிச்சுக்கிட்டு இருந்தே.”

“முட்டை எந்தப் பக்கம் சரியுதுன்னு பார்த்தே கப்பல் எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லுவேன். உன் மாட்டுக்கு அது தெரியுமா?”

“மாட்டைப் பத்திப் பேசாதே. மாட்டை நிறுத்தணும்னா வாலைப் பிடிக்கக்கூடாது, மூக்கைப் பிடிக்கணும். பிரேக்கும் அப்படித்தான்.”

“டிரெய்லருக்கு மூக்கு எது?” என்றாள் வெர்னா.

“அதைக் குழு கண்டுபிடிக்கும்” என்றார் லாயிட்.

“யாராவது குனிஞ்சு, இப்ப அதுல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

லாயிட் அவளைக் கனிவோடு பார்த்தார். “பார்த்துட்டா அபிப்பிராயம் ஒரு பக்கமா சாஞ்சுடும், வெர்னா. திறந்த மனசோட இருக்கணும்.”

புதன்கிழமை முழுவதும் குழு திறந்த மனதோடு இருந்தது. சக்கரம் சுழலும் குடமான ஹப்பு எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. தாங்குவது அதிகமானால் நல்லதுதானே என்று கிளிஃப்டன் லாரி ஹப்பைச் சிபாரிசு செய்தார். ஆட்டுக்கு மாட்டுக் குளம்பைப் பொருத்தினால் நடக்குமா என்று மெர்ல் கேட்டார். இதற்குமேல் ஒரே குழு சமாளிப்பது கஷ்டம் என்று உணர்ந்த லாயிட், பிரேக்குக்கு ஒன்று, ஹப்புக்கு ஒன்று என்று இரண்டு துணைக்குழுக்களை நியமித்தார். இரண்டிலும் உறுப்பினர்கள் அதே மூவர். எனவே ஒரு துணைக்குழு கூடும்போது இன்னொன்றை ஒத்திவைக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். வெர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே சோறு கிடையாது, ரொட்டி இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, லாயிட்டின் மனைவி ட்வைலா கையில் ஜாக்கியோடு வந்து நின்றாள். “வா, கழட்டிப் பார்த்துடலாம். என் வீட்டுக்காரர் திறந்த மனசை மூட சாயங்காலம் ஆகும்.”

இருவரும் டிரெய்லரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவினார்கள். ட்வைலா எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குப் பிறந்தநாள்?” என்றாள். உள்ளே கேக்குக்குக் கிரீம் அப்பியது போல கிரீஸ். சிவப்பும் நீலமும் வெளுத்த மஞ்சளுமாக, பிரேக் ஷூ தெரியாத அளவுக்கு. சுற்றுகிற டிரம்மை உரசிப் பிடிக்க வேண்டியது அந்த ஷூதான். எண்ணெய்க் கையால் விலாங்கு மீனைப் பிடித்த கதையாக அது இருந்தது. இன்னொரு சக்கரத்திலும் இதே விருந்து.

வெர்னாவுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று உடனே புரிந்தது. ஹப்பின் மூக்கில் ஒரு சின்ன முளை உண்டு; அதில் கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்த வேண்டும். அழுத்தும்போது இன்னொருவர் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருடா வருடம் ஆர்லன் அழுத்துவார், அவள் சுற்றுவாள். பழைய கிரீஸ் எட்டிப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் “போதும்” என்பார்கள். சுற்றாமல் அழுத்திக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக்குக்குள் பாய்ந்துவிடும்.

“யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க” என்றாள் ட்வைலா.

“இல்ல” என்றாள் வெர்னா. “வெறுப்புல இவ்வளவு கிரீஸ் யாரும் வைக்க மாட்டாங்க.”

அன்று மாலை அவள் மாவுக்குள் செர்ரிப் பழம் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரம் ஒன்றைச் செய்து வட்டத்துக்குக் கொண்டுபோனாள். கருவேல நிழலில் வெர்னாவின் பைக்கு இருந்த மதிப்பு எந்தப் பதக்கத்துக்கும் கிடையாது.

“நான் இல்லாதப்போ யாரோ என் சக்கரத்துக்கு கிரீஸ் வச்சிருக்காங்க. வெளிய சொல்லிக்காத நல்ல மனுஷன். இந்தப் பை அவருக்கு.”

வெளியே சொல்லிக்கொள்ளாத மனிதர் உடனே எழுந்தார். மெர்ல்.

“சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஜனவரியிலேயே வச்சுட்டேன். நீ துணி துவைக்கப் போயிருந்தே. தள்ளிப் போகுது தள்ளிப் போகுதுன்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தானே, பாவம்னு...”

“ஒரு நிமிஷம்” என்றார் லாயிட். “பிப்ரவரியில வச்சது நான். நீல கிரீஸ். நல்ல ரகம். அப்பவும் நீ துணி துவைக்கப் போயிருந்தே.”

“ரெண்டு பேரும் உட்காருங்கய்யா” என்றார் கிளிஃப்டன். “நான் வச்சதுதான் கிரீஸ். சிவப்பு, கப்பலுக்குப் போடறது. ரெண்டு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு முழுக் குழாய்.”

“நானும் முழுக் குழாய்தான்!” என்றார் மெர்ல். “கன்னுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி குடிச்சுது. போதும்னு சொல்லவே இல்ல.”

“என்னோடதும் போதும்னு சொல்லல” என்றார் லாயிட். “அப்பவே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.”

யாருடைய கிரீஸ் அதிகம் என்று மூவரும் சற்று நேரம் வாதாடினார்கள். வெர்னா பையை மூன்றாக வெட்டி மூவருக்கும் கொடுத்தாள். பிறகு காலடியில் இருந்த சாக்கை அவிழ்த்து டிரம்மை எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்தாள்.

மூன்று நிறம். ஆளுக்கொரு நிறம் அடையாளம் தெரிந்தது.

மூவரும் மென்றுகொண்டே டிரம்மைப் பார்த்தார்கள்.  லாயிட் வாயில் இருந்த செர்ரியை விழுங்கினார். “இப்பல்லாம் ரப்பர் சீலை ரொம்ப மட்டமா செய்யறாங்க” என்றார். மற்ற இருவரும் வழிமொழிந்தார்கள். விபத்துக்கான காரணம் அன்றே முறைப்படி கண்டறியப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை வெர்னா அதே டிரம்மைச் சாக்கில் போட்டு யூமாவுக்கு எடுத்துப் போனாள். உதிரிப்பாகக் கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். டிரெய்லரின் எடையைக் கேட்டார்.

“டிஸ்க் வேணுமாம்மா, டிரம்மே போதுமா?”

“இப்ப இருக்கற வயர்லயே வேலை செய்யறது எது?”

“டிரம்தான். டிஸ்க்னா குழாயெல்லாம் புதுசா இழுக்கணும்.”

“அப்ப டிரம். ஷூ துடைச்சா தேறுமா?”

“கிரீஸ் குடிச்ச ஷூவா? தேறாது. டிரம்மும் தேய்ஞ்சிருக்கு. ஹப்பும் டிரம்மும் ஒரே வார்ப்பா, பிரேக்கோட முழு செட்டா மாத்திடுங்க. அதே அளவு, அதே போல்ட். இடது வலது மட்டும் பார்த்துக்குங்க. மாத்திப் போட்டா பாதிதான் பிடிக்கும்.”

இரண்டு பெட்டி. தேர்வு முடிந்தது. குழு மூன்று நாள் உழைத்து நெருங்க முடியாத முடிவை, ஒரு காப்பி ஆறுவதற்குள் எட்டிவிடுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்று வெர்னாவுக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகல் அவளும் ட்வைலாவும் வேலையைத் தொடங்கினார்கள். பழைய பிரேக்கை அவிழ்த்து, வயரை வெட்டி, புதியதை முறுக்கிச் சேர்த்தார்கள். பேரிங்குக்கு உள்ளங்கையால் கிரீஸ் அப்பினார்கள், அளவாக. நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பின்னைச் செருகினார்கள். ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை சரிசெய்தார்கள். வெர்னா பழக்கத்தில் சக்கரத்தைச் சுற்றப் போனாள். அப்புறம் நின்று, ட்வைலாவைச் சுற்றச் சொல்லிவிட்டு, தான் ஆர்லனின் இடத்தில் மண்டியிட்டாள்.

வட்டம் நான்கு மணிக்குக் கூடியிருந்தது. டிஸ்க்கா டிரம்மா என்பது அங்கே இன்னும் முடியவில்லை. சுத்தியல் சத்தம் கேட்டு லாயிட் குரல் கொடுத்தார்: “கொஞ்சம் மெதுவா தட்டுங்க! இங்க உங்க பிரேக்கைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம்!”

சனிக்கிழமை கிரெய்க் வந்தான். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு இறங்கும் பாதைதான் அந்தப் பக்கத்தில் செங்குத்தானது. வெர்னா டிரெய்லரோடு மேட்டில் ஏறித் திருப்பினாள். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் கிரெய்க்கின் இரண்டு கால்களும் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தன.

“தரையை ஓட்டை போட்டுடாதே” என்றாள்.

“அம்மா, முன்னாடி லாரி வருதும்மா!”

“எனக்கும் கண்ணு இருக்கு.”

காலை எடுத்துவிட்டுக் குமிழை மட்டும் தள்ளினாள். பின்னால் இருந்த பாரம் பிக்கப்பைப் பிடித்து இழுத்தது. முதலில் பிடிவாதமாக, பிறகு சமாதானமாக. நிறுத்தக் கோட்டுக்கு முன்னாலேயே எல்லாம் நின்றது. லாரி கடந்து போனது. பின்னால் அலமாரியில் ஒரு தட்டுகூட ஓசைப்படவில்லை.

“இன்னொரு தடவை பார்க்கறியா?”

“வேண்டாம்.” கிரெய்க் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “அவர்கிட்ட விக்கறதா இல்லைன்னு சொல்லிடறேன்.” இறங்கி வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து, “அப்பா இதுல தூங்கினாரா?” என்றான்.

“குறட்டையே விட்டார்.”

மார்ச் கடைசியில் வெர்னா வடக்கே கிளம்பினாள். குழு வாசலில் அணிவகுத்து நின்றது. லாயிட் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். குழுவின் வழிகாட்டுதலால் பிரேக் வெற்றிகரமாக மாற்றப்பட்டதை நினைவுகூர்ந்தார். குழாய் குழாயாகக் கிரீஸை மனமுவந்து அளித்த உறுப்பினர்களின் தியாகத்தையும் மறக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் ஜன்னலருகே வந்தார்.

“அடுத்த ஜனவரியில கிரீஸ் வைக்கறப்போ சொல்லு, வெர்னா. தனியாளா செய்யற வேலை இல்ல அது. நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். சக்கரத்தைச் சுத்த ஒரு ஆள் வேணும்.”

“இந்த ஜனவரியிலயும் ஒரு ஆள் இருந்தேனே, லாயிட்” என்றாள் வெர்னா. “கதவைத் தட்டியிருந்தா வந்து சுத்தியிருப்பேன். பேச ஒரு வார்த்தையும் கிடைச்சிருக்கும். நீங்க மூணு பேரும் நான் எப்ப வீட்டுல இருக்க மாட்டேன்னு பார்த்துத்தானே வந்தீங்க?”

கிளிஃப்டன் தொப்பியைக் கழற்றினார். மெர்ல் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். “ஆர்லன்...” என்றவர், பசு எதுவும் உதவிக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டார்.

லாயிட் வானத்தைப் பார்த்தார்.

“காத்து இன்னிக்கு வடக்கேருந்து அடிக்குது” என்றார்.

வெர்னா கியரைப் போட்டாள். பிக்கப்பின் கடிகாரம் அரிசோனா நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லன் அதை அயோவா நேரத்துக்கு வைத்ததோடு சரி.